ஒரு தோட்டா, ஒரே வாய்ப்பு: நல்ல சிங்கிள் ஷாட் ரைபிளை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது?

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி திருத்தியிருக்கோம்.)

இந்த வாரத் தலைப்பை நான் யோசிக்கல, ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட் தந்தது. அவர் சென்னையில ஐ.டி. வேலையில இருக்கார். குடும்பம் எங்க ஊர்ப் பக்கம்தான், திருவெள்ளறையைத் தாண்டி துறையூர் ரோட்டுல விவசாயம் பண்றாங்க. அவர் கேட்டது இது:

"ப்ரோ, எங்க மக்காச்சோளக் கொல்லையை காட்டுப்பன்னி ராத்திரியோட ராத்திரியா உழுதுட்டுப் போயிடுது. தாத்தாகிட்ட லைசென்ஸோட ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. அவர் போன வருஷம் தவறிட்டார். துப்பாக்கி இன்னும் பீரோவுக்குப் பின்னாடிதான் இருக்கு. அதைக் கொடுத்துட்டு, தரமான சிங்கிள் ஷாட் ஹன்டிங் ரைபிள் ஒண்ணு வாங்கலாம்னு அப்பா சொல்றார். எதைப் பார்த்து வாங்கணும்?"

இந்த ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி இருக்கு. பீரோவுக்குப் பின்னாடி இருக்கறதை என்ன பண்றது? நல்ல சிங்கிள் ஷாட் ரைபிள்னா என்ன? அதை வச்சு இங்க எதைச் சுடலாம்? வரிசையாப் பார்த்துடுவோம். முதல் கேள்விதான் அவசரம்.

முதல்ல, பீரோவுக்குப் பின்னாடி இருக்கறது

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல. தாத்தா போனதும் அந்த லைசென்ஸும் போச்சு. இப்ப அந்தத் துப்பாக்கி வீட்டுல இருக்கறது, லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வச்சிருக்கறதுக்குச் சமம். 1959 ஆயுதச் சட்டத்துல 2019-ல கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைஞ்சபட்ச தண்டனையே 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகலாம். "தாத்தாவோடதுதான் சார்"னு சொல்றது சட்டத்துக்குப் பதில் ஆகாது.

வழி சிக்கலானது இல்ல. உங்க எல்லைக் காவல் நிலையத்துல முதல்ல போய்ச் சொல்லுங்க. அவங்க சொல்ற மாதிரி துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கங்க. ரசீது ரொம்ப முக்கியம். அதுக்கப்புறம் வாரிசு யாராவது தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம், இல்ல லைசென்ஸ் உள்ள கடைக்கே வித்துடலாம். திருச்சி மாநகர எல்லைக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர்கிட்ட விண்ணப்பிக்கணும். திருவெள்ளறை மாதிரி வெளியே இருக்கற ஊர்னா கலெக்டர்கிட்ட.

வீட்டுல தாத்தா, பெரியப்பா யாராவது லைசென்ஸோட இருக்கற மத்த நேயர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 2016 ஆயுத விதிகள்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, 25 வருஷமா அந்தத் துப்பாக்கியை வச்சிருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாத்தித்தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். துக்க வீட்டுல உக்காந்து பேப்பர் தேடறதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒத்தக்குழல் துப்பாக்கி ரைபிள் இல்ல

தாத்தாவோட லைசென்ஸ் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாலும் "எஸ்.பி.பி.எல்." இல்லன்னா "எஸ்.பி.எம்.எல்."னு எழுதியிருக்கும். முதல்ல சொன்னது ஒத்தக்குழல், பின்பக்கம் தோட்டா போடறது. ரெண்டாவது ஒத்தக்குழல், வாய்ப்பக்கமா மருந்து கெட்டிக்கறது. அதாவது நம்ம நாட்டுத் துப்பாக்கி. ரெண்டுமே ஒரு தடவைக்கு ஒரு வெடிதான். ஆனா ரெண்டுமே ரைபிள் இல்ல.

ரைபிள்னா குழலுக்குள்ள திருகு மாதிரி சுத்தி வர்ற வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு அதுல உரசிக்கிட்டு சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் சுத்துறவரைக்கும் சாயாம நிக்குற மாதிரி, சுழலுற குண்டும் மூக்கு திரும்பாமப் போகும். தாத்தாவோட 12 போர் துப்பாக்கியோட குழல் உள்ள வழவழன்னு இருக்கும். அது சின்னச் சின்ன ரவையை விசிறி அடிக்கும், சில பத்து மீட்டருக்கு அப்புறம் வேகம் குறைஞ்சு சிதறிடும்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ரைபிள் குடும்பத்துலயே சின்னப் பையன்னு சொல்லப்படற .22 தோட்டாவே 1.5 கிலோமீட்டர் தாண்டிப் போகக்கூடியது. வேட்டைக்கான பெரிய தோட்டா பல கிலோமீட்டர் போகும். துறையூர் ரோட்டுல எந்தக் கொல்லையில நின்னு பாத்தாலும் 1.5 கிலோமீட்டருக்குள்ள ஒரு வீடு, ஒரு மோட்டார் கொட்டகை, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற ஒரு ஆள் இருப்பார். பன்னிக்குத் தவறின குண்டு எங்கேயோ போய் நிக்கத்தான் செய்யும்.

ஒத்தை வெடிக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?

சிங்கிள் ஷாட்னா தோட்டா அடுக்கி வைக்க மேகசினே கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால வச்சு, மூடி, சுட்டு, திறந்து, காலி உறையை எடுத்துட்டு அடுத்ததை வைக்கணும். கோடிங் பாஷையில சொன்னா ரீட்ரை இல்லாத சிஸ்டம்.

இது பழைய காலத்துப் பஞ்சத்துல பொறந்த வடிவம்னு நினைச்சுடாதீங்க. 1871-ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிள் சிங்கிள் ஷாட்தான். கீழே ஒரு லீவர். அதை இழுத்தா உள்ள இருக்கற இரும்புக் கட்டை முன்பக்கமாச் சாஞ்சு வழிவிடும். தோட்டாவை வச்சு லீவரை மேல தள்ளினா கட்டை ஏறி அடைச்சுக்கும். பழகின சிப்பாய் நிமிஷத்துக்கு 12 தடவை சுடுவார். அடுத்த வருஷமே, 1872-ல, ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்குவர்சன் கட்டை நேராக் கீழே இறங்கற மாதிரி ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவுல ஜான் பிரவுனிங் 1879-ல வாங்கின காப்புரிமைதான் பிறகு வின்செஸ்டர் 1885 ஆச்சு. எல்லாரும் மேகசின் ரைபிளுக்குப் போயிட்ட காலத்துல, 1967-ல, ரூகர் கம்பெனி ஃபார்குவர்சனை மனசுல வச்சு "நம்பர் 1"னு ஒரு சிங்கிள் ஷாட்டை இறக்கினாங்க. அது பல பத்து வருஷம் ஓடுச்சு.

காரணம் எளிமையான இன்ஜினியரிங். தோட்டாவுக்குப் பின்னாடி ஒரே திடமான இரும்புக் கட்டை நிக்குது, அழுத்தத்தைத் தாங்கும். மேகசினும், போல்ட் முன்னும் பின்னும் ஓட இடமும் வேண்டாம். அதனால அதே நீளக் குழலோட மொத்தத் துப்பாக்கி சுமார் 10 சென்டிமீட்டர் குட்டையா இருக்கும். நகரும் பாகங்களும் கம்மி, கெட்டுப்போக வாய்ப்பும் கம்மி.

நம்ம நாட்டு வரலாற்றுலயும் இதுக்கு ஒரு இடம் இருக்கு. ஜிம் கார்பெட் சின்னப் பையனா இருந்தப்ப இரவல் வாங்கின ஒரு .450 மார்ட்டினியைப் பயன்படுத்தினார். 1907-ல பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. வெளியில சுத்திக்கிட்டிருந்த மார்ட்டினி-ஹென்றிகளுக்கு அந்தக் குண்டுகள் உதவிடக் கூடாதேங்கற பயம். அதைத் தாண்டத்தான் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470னு புது அளவுகளை உருவாக்கினாங்க. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதுங்கற அதே கணக்குலதான் .315 அளவும் வந்துச்சு. வங்காளத்துல இருக்கற இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையோட .315 ஸ்போர்ட்டிங் ரைபிள் நம்ம ஊர்க் கடைகள்ல இன்னிக்கும் பழக்கமான பேர். அது மேகசின் உள்ள போல்ட் ஆக்‌ஷன், சிங்கிள் ஷாட் இல்ல.

தரத்தை எப்படிப் பார்க்கிறது?

வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகள்ல இருக்கற நேயர்களும் இதைக் கேக்கறாங்க, ரேஞ்சுக்குப் போறவங்களும் கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் இந்த ஆறு விஷயம் பொதுவானது. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் துப்பாக்கி காலியான்னு நீங்களே திறந்து பார்க்கணும். சிங்கிள் ஷாட்ல அது ரொம்ப சுலபம், திறந்தா அறை முழுசாத் தெரியும்.

ஒண்ணு, பூட்டு. மூடினப்புறம் ஆட்டம் இருக்கக் கூடாது. நடுவுல மடங்கற வகைன்னா, மூடி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. குழலுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல கீற்று தெரிஞ்சா கீல் தேஞ்சிருக்கு. பழைய துப்பாக்கின்னா தோட்டா உக்காரற இடத்தோட அளவை ஒரு மெக்கானிக் கேஜ் வச்சுப் பார்க்கணும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் அங்கதான் இருக்கும்.

ரெண்டு, குழல். பின்பக்கத்துல இருந்து வெளிச்சத்தைப் பார்த்து நோக்குங்க. வரிகள் கூர்மையா, துருக்குழி இல்லாம இருக்கணும். குழலோட வாய் விளிம்பை விரலால இல்லாம கண்ணால ஆராயுங்க. குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற இடம் அதுதான். அங்க ஒரு சின்ன நசுங்கல் இருந்தாக்கூட குண்டு ஒரு பக்கமா இழுக்கும். வெளியே பளபளன்னு பாலிஷ் போட்டிருந்தா இதை இன்னும் கவனமாப் பாருங்க.

மூணு, விசை. அழுத்தும்போது இழுபறி இல்லாம, கண்ணாடிக் குச்சி உடையற மாதிரி ஒரே இடத்துல விடுபடணும். ரொம்ப லேசா இருக்கறது நல்லதுன்னு அர்த்தமில்ல. காலித் துப்பாக்கியோட அடிக்கட்டையைத் தரையில மெல்லத் தட்டினா சுத்தியல் தானா விழுந்துடக் கூடாது. விழுந்தா அதை அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க.

நாலு, பொருத்தம். கண்ணை மூடிக்கிட்டு தோள்ல வச்சு, கன்னத்தைச் சாய்ச்சு, அப்புறம் கண்ணைத் திறங்க. குறிபார்க்கிற இடம் நேரா உங்க கண்ணுக்கு எதிர்ல வரணும். கழுத்தை நீட்டியோ மடக்கியோ சரிபண்ண வேண்டியிருந்தா அந்தக் கட்டை உங்களுக்கானது இல்ல. விலை உயர்ந்த செருப்பும் அளவு தப்பினா கடிக்கும்.

அஞ்சு, முன்கட்டை. நிறைய சிங்கிள் ஷாட்ல மரம் ரெண்டு துண்டா இருக்கும். முன்துண்டு குழலை அழுத்திக்கிட்டு இருந்தா, குழல் சூடாகச் சூடாக குண்டு விழற இடம் நகரும். இந்த வடிவத்துல அடிக்கடி வர்ற குறை இது. ரேஞ்சுல தொடர்ந்து சுடறவங்க கண்டிப்பாப் பார்க்கணும்.

ஆறு, தோட்டா. அது உங்க ஊர்ல கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க. சந்தையில இல்லாத தோட்டா கேக்கற அருமையான ரைபிள், சுவத்துல தொங்கவிடத்தான் ஆகும்.

இதெல்லாம் கடையில பார்க்கிறது. சுட்டுப் பார்க்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லாரும் 100 மீட்டர்ல அஞ்சு குண்டு சுட்டு, அஞ்சும் எவ்வளவு நெருக்கமா விழுந்திருக்குன்னு அளப்பாங்க. சுமார் 3 சென்டிமீட்டருக்குள்ள விழுந்தா நல்ல ரைபிள்னு பேரு. ஆனா சிங்கிள் ஷாட்ல நிஜமா எண்ணிக்கைக்கு வர்றது ஆறிப்போன குழல்ல இருந்து போற முதல் குண்டுதான். அதனால அஞ்சு வேற வேற நாள், நாளுக்கு ஒரே குண்டு, ஒரே அட்டையில சுட்டுப் பாருங்க. அந்த அஞ்சு ஓட்டைகள் சொல்றதுதான் உங்க ரைபிளைப் பத்தின உண்மை. அதுல பாதி உங்களைப் பத்தின உண்மையும்கூட.

நாங்க நிக்கிற மண்ணுல இந்தப் பாடம் ரொம்பப் பழசு. திருச்சியில 1966-ல ஆரம்பிச்ச துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, இங்க ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ரைபிள் செய்யறாங்க. அங்கிருந்து அதிக தூரமில்லாம துவாக்குடி பக்கத்துல தேவராயநேரி, நரிக்குறவர் குடியிருப்பு. வாய்வழியா மருந்து கெட்டிக்கிற ஒத்தை வெடித் துப்பாக்கியில பொழைச்ச சமூகம். திரும்பக் கெட்டிக்கிறதுக்குள்ள எதுவும் காத்திருக்காது. அதனால கிட்டப் போற பொறுமைதான் அவங்க தொழில்நுட்பம். 1972-ல சட்டம் வந்தப்ப வேட்டை குற்றமாச்சு, பாசிமணி பொழப்பாச்சு. அவங்க பழங்குடிப் பட்டியல்ல சேர்ந்தது 2023-ல, அரை நூற்றாண்டு கழிச்சு. துப்பாக்கி செய்யற இடமும், துப்பாக்கியைக் கீழே வச்சவங்க இருக்கற இடமும் ஒரே பஸ் ரூட்ல வருது.

சரி, இங்க எதைச் சுடலாம்?

இப்ப நேயரோட அப்பாவுக்கான பதில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. இதுப்படி அட்டவணையில இருக்கற விலங்கை வேட்டையாடறது குற்றம். வேட்டைன்னா கொல்றது மட்டுமில்ல. பிடிக்கிறது, விஷம் வைக்கிறது, கண்ணி வைக்கிறது, முயற்சி பண்றதுகூட வேட்டைதான். காட்டுப்பன்னி அட்டவணையில இருக்கு. மயில் அதைவிடக் கடுமையான முதல் அட்டவணையில இருக்கு. உங்க சொந்தப் பட்டா நிலமா இருந்தாலும் இதேதான்.

பயிருக்கு ஆபத்துன்னா வனத்துறை அனுமதிக்க சட்டத்துல இடம் இருக்கு. கேரளாவுல 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்களே, பட்டியல்ல இருக்கற லைசென்ஸ்தாரர்களை வச்சு காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு கொடுக்கலாம். தமிழ்நாட்டுல வழி வேற. 2025 ஜனவரியில அரசு அறிவிச்சபடி, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள்ள பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறையோட பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது. ஆக, நீங்க எவ்வளவு தரமான ரைபிள் வாங்கினாலும், அதை அந்தப் பன்னி மேல நீட்ட உங்களுக்கு உரிமை வராது.

இன்னொண்ணு, அந்த ரைபிளே கிடைக்காது. ரூகர் மாதிரி வெளிநாட்டுத் துப்பாக்கியை ஆசைக்காக இறக்குமதி பண்ண தனிநபருக்கு வழி இல்ல. தேர்ச்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் தனி விதி.

கோபம் வரும், நியாயம்தான். ஒரே ராத்திரியில ஒரு சீசன் உழைப்பு போகுதுன்னா யாருக்குத்தான் வராது. ஆனா அந்தக் கோபம் திருட்டு மின்வேலியாவும் அவுட்டுக்காயாவும் மாறும்போது என்ன நடக்குதுன்னும் நமக்குத் தெரியும். பன்னிக்குப் போட்ட கம்பியில யானை சாகுது, பக்கத்துக் கொல்லைக்காரர் சாகறார். செய்யக்கூடியது இதுதான்: சேதத்தைத் தேதியோட போட்டோ எடுங்க, வி.ஏ.ஓ.கிட்டயும் வனச்சரக அலுவலகத்துலயும் எழுத்துல மனு கொடுங்க, இழப்பீடு கேளுங்க. காட்டை ஒட்டின இடத்துல சோலார் வேலி போடறதுன்னா 2023-ல வந்த விதிப்படி பதிவு பண்ணிப் போடுங்க. ஒத்தை ஆளா இல்லாம பத்து விவசாயிகள் சேர்ந்து போனா அந்த மனு வேகமா நகரும்.

சிங்கிள் ஷாட் இன்னும் உயிரோட இருக்கற இடம்

சிங்கிள் ஷாட் மேல நிஜமாவே ஆசை வந்திருந்தா, அதுக்கு ஒரு நல்ல இடம் இருக்கு. ஒலிம்பிக்ல 50 மீட்டர் ரைபிள் போட்டியில விதியே இதுதான்: ஒவ்வொரு தடவையும் கையால ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுத்தான் சுடணும். 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது அந்த வகை ரைபிள்ல. 10 மீட்டர் ஏர் ரைபிளும் ஒரு பெல்லட், ஒரு வெடிதான். 2008-ல அபினவ் பிந்த்ரா கடைசி வாய்ப்புல 10.8 சுட்டுத் தங்கம் வாங்கினதும், கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினதும் இதுலதான். 10 மீட்டர் தள்ளி இருக்கற அட்டையில 10 புள்ளிக்கான இடம் 0.5 மில்லிமீட்டர், பேனா முனைப் புள்ளி மாதிரி. அப்படி 60 தடவை சுடணும்.

திருச்சியிலயே ரைபிள் கிளப் இருக்கு. 2022 ஜூலையில 47-வது மாநிலப் போட்டி அங்கதான் நடந்துச்சு. அஜித் வந்து பிஸ்டல் பிரிவுகள்ல பதக்கம் வாங்கினாரே, அதே போட்டி.

ஏர் ரைபிள்ல 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் இருந்தா ஆயுத லைசென்ஸ் வேண்டாம். ஆனா அதை எந்தப் பறவை மேல நீட்டினாலும் மேல சொன்ன வனச்சட்டம் அப்படியே பாயும். வாங்கறதுக்கு முன்னாடி மூணு மாசமாவது கிளப் துப்பாக்கியில பழகுங்க, உங்க தோளும் கையும் என்ன அளவு கேக்குதுன்னு அப்பத்தான் தெரியும். அப்புறம் நீளம், கன்னக்கட்டை ரெண்டையும் மாத்திக்கிற வசதி இருக்கா, எடை போட்டி வரம்பான 5.5 கிலோவுக்குள்ள இருக்கா, உதிரிபாகம் இங்க கிடைக்குமான்னு பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா காத்துச் சிலிண்டர்ல அச்சடிச்ச தேதியைக் கட்டாயம் பாருங்க. போட்டிகள்ல 10 வருஷம் தாண்டின சிலிண்டருக்கு அனுமதி இல்ல, 200 பார் அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்கவும் கூடாது. பிராண்ட் பேர் இந்தப் பட்டியல்ல கடைசி.

சுருக்கமா நேயருக்கு: இந்த வாரமே ஸ்டேஷன்ல பேசி அந்தத் துப்பாக்கியை ஒப்படைங்க. பன்னிக்கு மனு, வேலி, வனத்துறை. ரைபிள் ஆசைக்கு ரேஞ்ச். தரமான சிங்கிள் ஷாட் உங்களுக்குத் தர்றது ஒரே ஒரு வாய்ப்பு, அதனால சுடலாமா வேண்டாமான்னு முதல்ல யோசிக்க வைக்கும். சில சமயம் சரியான விடை விசையைத் தொடாம இருக்கறது.

உங்க வீட்டுலயும் இப்படிப் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தா, இன்னிக்கு ராத்திரி எடுத்து அதுல இருக்கற தேதியைப் பாருங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.